குறைந்த எண்

"சின்னதுகளை ஏன் இழுத்துக்கொண்டு போறாய்?
அதுகளுக்கு என்ன விளங்கும்?"
என்றா மாமி,
பயணப்பையின் மேல் ஏறி இருந்து
ஸிப்பை இழுத்தபடி.

நெல்லு விற்ற காசு, ஒன்றரைப் போகத்தது.
ரெண்டு வயதுக்குக் கீழென்றால் டிக்கெட் மலிவு;
அத்ஹமுக்கு ரெண்டு முடிய
இருபது நாள் இருந்தது.
அதுதான் உண்மை.
நிய்யத்தெல்லாம் அதற்குப் பிறகு.

பம்பர்ஸ் தைத்த உடுப்பா, தைக்காத உடுப்பா
என்று றிஸ்மி மௌலவியிடம் கேட்டார்.
மௌலவி தாடியைத் தடவி
"பிள்ளை பிள்ளைதானே" என்றார்.
அது பத்வாவா பகிடியா என்று
நீராவிப்பிட்டியில் தொடங்கின வாக்குவாதம்
ஒட்டுசுட்டானிலும் முடியவில்லை.

அதைத் தாண்டினதும் ஸஹ்தியா சத்தி எடுத்தாள்.
வேனை ஒரு பாலைமரத்தடியில் நிறுத்தி
வாய் கொப்பளிக்க வைத்தேன்.
இதே வீதியால்தான்
தொண்ணூறில் வாப்பா என்னைத் தோளில் வைத்து
நடந்து போனாராம்.
எனக்கு ஒன்றே முக்கால் வயது.
ஒன்றும் நினைவில்லை.
அன்றைக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள்,
அதுக்கு என்ன விளங்கும் என்று.
ஆனால் வீட்டில் யாராவது
அவசரமாகப் பை கட்டினால்
இன்றைக்கும் எனக்கு வயிறு பிசையும்.

மக்காவில் வெயில், ஆனால் காலடியில் பளிங்கு குளிர்ந்திருந்தது.
அத்ஹம் றிஸ்மியின் தோளில்.
ஸஹ்தியா என் அபாயாவின் நுனியில்.
அவளுடைய மணிக்கட்டில்
நீலப் பேனையால் என் போன் நம்பர்;
ஒளுச் செய்யச் செய்ய
கடைசி ரெண்டு இலக்கமும் கரைந்துகொண்டு வந்தது.

"உம்மா, அல்லாஹ் அதுக்குள்ளயா இருக்கிறான்?"
"இல்லை."
"அப்ப ஏன் எல்லாரும் அதைச் சுத்துறாங்க?"
பின்னாலிருந்து ஒரு பெரிய கூட்டம் தள்ளியது,
பதில் சொல்ல நேரமில்லாமல் போனது.
அல்ஹம்துலில்லாஹ்.

அத்ஹம் தூங்கிச் சரிந்தான்.
ஒரு சப்பாத்து கழன்று விழுந்தது.
அதைக் குனிந்து எடுக்க வழியில்லை,
விட்டுவிட்டு வரவும் மனமில்லை,
நிமிர்ந்தபோது எண்ணிக்கை தவறிவிட்டது.
நான் ஆறு என்றேன். றிஸ்மி ஐந்து என்றார்.
சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணை எடு.
சட்டம் அப்படித்தான்.

எங்களுக்கு அந்தச் சட்டம் புதிதில்லை.
எத்தனை குடும்பம் திரும்பி வந்தது என்று கேட்டால்
கச்சேரியில் எப்போதும்
குறைந்த எண்ணைத்தான் எழுதுவார்கள்.
இங்கே என்றால்
இன்னொரு சுற்றுச் சுற்றலாம்.
சுற்றினோம்.
ஒற்றைச் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி.

ஸஃபாவில் இருந்து இறங்கும்போது
தண்ணிக்கு ஓடின உம்மாவின் கதையைச் சொன்னேன்.
"பிள்ளையை எங்க வச்சிட்டு ஓடினா?"
"மண்ணில."
"தனியவா?"
அவள் என் விரல்களை இறுக்கிப் பிடித்தாள்.
ஹோட்டல் வரைக்கும் விடவில்லை,
லிஃப்டுக்குள்ளும் விடவில்லை.

ஸம்ஸம் குடித்துவிட்டு,
தண்ணீரூற்றில் பள்ளிக்கூடம் போகிறவள் கேட்டாள்:
"உம்மா, இதுதானா உண்மையான தண்ணீரூற்று?"
றிஸ்மி சிரித்தார்.
நான் கப்பை இன்னொரு தரம் நிரப்பினேன்.

ஊருக்கு வந்த அன்று பின்னேரம்
பேரீச்சம்பழத்துக்கு முதல் ஆளாக மாமி.
"சொல்லு மகள், என்ன பார்த்தாய் அங்க?"
ஸஹ்தியா யோசித்தாள். நெடுநேரம் யோசித்தாள்.
"தரை துடைக்கிற வண்டி மாமி.
அதுக்கு மேல இருந்து ஒருத்தர் ஓட்டுறார்.
பின்னால ஈரம் வருது,
அதுக்குப் பின்னால ஈரம் காயுது."

மாமி என்னைப் பார்த்தா.
நான் ஒன்றும் பேசவில்லை,
கொட்டையை வாங்கத் தட்டை நீட்டினேன்.

முற்றத்தில் லாண்ட்மாஸ்டர் நின்றது.
அத்ஹம் அதைச் சுற்றிக்கொண்டிருந்தான்,
பம்பர்ஸும் இல்லை, ஒன்றும் இல்லை,
சேற்றுச் சில்லில் ஒரு கையை வைத்தபடி.
ஒண்டு, ரெண்டு, ஒண்டு.
ஒண்டு, ரெண்டு, ஒண்டு.